மான்குட்டியின் வாப்பா

மகளுக்குத் தைரியம் ஊட்டியே தீருவது என்று முடிவெடுத்தேன். நான் ஸெய்னுதீன். திருகோணமலையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். வெடிச் சத்தம் கேட்டால் ஏணியை விட்டுக் குதித்து ஓடுவதில் இந்த ஊரில் எனக்கு நிகரில்லை.

தொண்ணூறாம் ஆண்டு. துறைமுகப் பக்கமிருந்து வந்த செல் குண்டு எங்கள் தெருவில் விழுந்தது. பக்கத்து வீடு இல்லாமல் போனது. அன்றைக்குக் கட்டிலுக்குக் கீழே போன ஆறு வயது ஸல்ஹா வெளியே வரவில்லை. சோறும் அங்கேதான்.

அதே கிழமை என் மனைவி றுக்கியாவின் தம்பி கலீலுர் றஹ்மானை சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். றுக்கியா இராணுவ முகாம் வாசலில் போய் நின்றாள். "ஆம்பிளை ஆரும் வந்து பொறுப்பெடுக்கட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்கப் போன ஆம்பிளைகளும் திரும்பி வராத காலம். எனக்கு வயிற்றுக்குத்து வந்தது. மறுநாள் காய்ச்சல். அதற்கும் மறுநாள் இரண்டும்.

"எப்ப போறீங்க?"

"புள்ள இப்பிடிக் கிடக்க நான் எப்பிடிப் போறது? முதல்ல அவட பயத்தைப் போக்கோணும். படப் புத்தகம் ஒண்டு கீறப் போறன்."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். "நல்லது, கீறுங்க" என்றாள். அப்போதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

கோட்டைப் பக்கம் திரிகிற புள்ளிமான்களில் ஒரு குட்டியைத் தாளில் கீறினேன். லொறிச் சத்தத்துக்குப் பயந்த குட்டி. தண்ணீரோ றோட்டுக்கு அந்தப் பக்கம். நடுங்குகிறது, ஒரு கால் வைக்கிறது, கடக்கிறது. கட்டிலடியில் குப்புறப் படுத்து வாசித்துக் காட்டினேன்.

"மான்குட்டிட வாப்பா எங்க?"

"அவர்... காட்டில."

"ஏன் கூட வரல்ல?"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த றுக்கியாவிடமிருந்து பதில் வந்தது: "அவருக்கு வயித்துக்குத்து, மகள்."

"மாமா மானை லொறியில ஏத்திட்டா, வாப்பா மான் என்ன செய்யும்?"

"போய்க் கேக்கும்" என்றேன். வேறென்ன சொல்ல?

"அதைக் கீறுங்க. வாப்பா மான் போனாத்தான் நானும் வெளிய வருவன்."

கீறினேன். நிமிர்ந்தால், றுக்கியா நான் போட்டுப் போகிற சேட்டோடும் அடையாள அட்டையோடும் நிற்கிறாள்.

போனேன். முகாம் வாசலில் மச்சானின் பெயரைச் சொன்னேன். அட்டையை வாங்கிக்கொண்டு வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். திரும்பவும் கேட்டார்கள். இனி வீடு இல்லை என்று நினைத்த நேரத்தில் அவனை வாசல்வரை கூட்டிவந்து காட்டினார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என்னைக் கண்டு சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து இரத்தம் வந்தது. "நாளைக்கு வா" என்று அட்டையைத் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ஸல்ஹா கயிறடித்துத் துள்ளிக்கொண்டிருக்கிறாள், நாளாந்தம் செய்கிற வேலைபோல.

றுக்கியா ஓடிவந்தாள். "தம்பி?"

"உயிரோட இருக்கிறான். அடிச்சிருக்கிறாங்க. நாளைக்கும் வரச் சொன்னாங்க."

முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். பிறகு துடைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"மகள், விளையாடினது போதும். போய்க் கட்டிலுக்குக் கீழ படு. வாப்பா நாளைக்கும் போகோணும்."