பழத்தோடு உள்ளே வராதீர்கள்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் ஆர்க்கிட் வளர்க்கக் கூடாது. கையில் குழந்தையும் இருக்கிற பயந்த சுபாவக்காரர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. நான் போனேன். போனதோடு நில்லாமல் அதைக் குளியலறையில் வளர்த்தேன்.

(குளியலறையிலா என்று கேட்காதீர்கள். என் கணவர் அருள் இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அருளுக்கு ஜமுனாமரத்தூரில் ஆசிரியர் வேலை. ஜவ்வாது மலைமேல் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஒரு குளியலறை. கழிப்பறை வெளியே தனி. வாசலில் செடி வைத்தால் குரங்குகள் பிடுங்கி எறிந்துவிடும். கூடத்தில் இருந்த ஒரே கொக்கியில் எங்கள் மகள் ஷைனியின் தூளி தொங்கியது. மிச்சம் குளியலறைதான். அங்கே கிழக்குப் பார்த்த கம்பி ஜன்னல், காலை வெயில், எந்நேரமும் ஈரக்காற்று. ஆர்க்கிட்டுக்கென்றே கட்டியது போல இருந்தது. சுவருக்குச் சுவர் கம்பி இழுத்து, கரித்துண்டும் தேங்காய் மட்டையும் நிரப்பிய தொட்டிகளைத் தொங்கவிட்டேன். வேரில் சோப்பு நுரை படக் கூடாது என்பதால் அருள் மூலையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி குளிக்கப் பழகினார்.

செடியைப் பற்றி எனக்கு வந்த சந்தேகங்களும் குழந்தையைப் பற்றி வந்த சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீர் போதுமா, அதிகமா, காற்று படுகிறதா, ஏன் இன்று இப்படி வாடியிருக்கிறது? ஒருமுறை மருத்துவரிடமே, "டாக்டர், வேரெல்லாம் நல்லா வெள்ளையா இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். (அவர் அப்போது ஷைனியின் காதுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.)

ஷைனியின் முதல் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு செடியின் நுனியில் பச்சையாகச் சின்ன மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. பாதி ஷேவிங்கில் இருந்த அருளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

"இதுவா? இது இலைதானே?"

"இலைக்கும் மொட்டுக்கும் வித்தியாசம் தெரியாம பசங்களுக்கு இன்னா பாடம் எடுக்கறீங்க?"

மூக்கு நீண்டு தண்டானது. தண்டு முழுக்க மொட்டுகள் வந்தன. மொட்டுகளின் ஓரத்தில் ஊதா நிறம் ஏறியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகப் பிறந்தநாள் அன்று விரியும். கேக்குக்குப் பக்கத்தில் ஊதாப் பூங்கொத்து, அதன் பக்கத்தில் என் பெண். சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அப்போதுதான் செல்பேசியில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களின் குழுவில் ஒரு செய்தி வந்தது. பழுத்த பழங்களிலிருந்து ஒரு வாயு வரும், அது பட்டால் ஆர்க்கிட் மொட்டுகள் உதிர்ந்துவிடும்.

அன்றே வாழைப்பழங்கள் பக்கத்து வீட்டுக்குப் போயின. மாம்பழமும் பலாப்பழமும் மலையெங்கும் மணக்கிற காலம் அது. யார் சுளை கொண்டுவந்து கொடுத்தாலும், "வயித்துக்குச் சேராதுங்க" என்று திருப்பி அனுப்பினேன். அருள் மாம்பழத்தை வாசற்படியில் உட்கார்ந்து தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வந்தார், பாவம்.

இவ்வளவு யோசித்த நான் ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் முதல் பிறந்தநாளுக்குக் குழந்தையின் அத்தை வரிசைத் தட்டு கொண்டுவருவார். தட்டு என்றால் பழம்தான்.

பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலம் வாசலில் ஷேர் ஜீப் நின்றது. ஆள் இறங்குவதற்கு முன் மாம்பழ வாசனை இறங்கியது. பிறகு கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஸ்டெல்லா அண்ணி, அருளின் அக்கா, இரண்டு கையிலும் தட்டுகளோடு இறங்கினார். பின்னால் அவர் கணவர் தாமஸ் அண்ணன், தோளில் முழுப் பலாப்பழத்தோடு.

"வாங்க அண்ணி" என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அண்ணி, பழத்தோட உள்ள வராதீங்க."

ஜீப் டிரைவர் இன்ஜினை அணைத்தார். (தெளிவாகக் கேட்க வேண்டாமா?)

"இன்னாது?" என்றார் அண்ணி.

"நீங்க வாங்க அண்ணி. பழம் மட்டும் வெளிய இருக்கட்டும்."

"கொழந்தைக்கு அத்த எடுத்தாந்த பழம், தெருவுல கெடக்கணும்."

"அப்படி இல்லைங்க…"

சத்தம் கேட்டு அருள் தலையில் நுரையோடும் இடுப்பில் துண்டோடும் ஓடிவந்தார். "அக்கா, அது ஒண்ணும் இல்ல. பழத்துலேர்ந்து ஒரு காத்து வருதாம். பட்டா மொட்டு கொட்டிப்போவுமாம்."

"இன்னா மொட்டு? எங்க?"

"குளிக்கற ரூம்ல."

அண்ணி தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி நல்லாத்தான்டா இருந்த."

"ஸ்டெல்லா, இத்த எங்கியாவது எறக்கிட்டு அப்புறமா பேசலாம்" என்றார் தாமஸ் அண்ணன்.

"நில்லுங்க. எறக்கலாமா கூடாதான்னே இன்னும் முடிவாவல."

கடைசியில் பழங்கள் வெளியே துணி துவைக்கும் கல்லின்மேல் போய், ஒரு வேட்டியால் மூடப்பட்டன. அண்ணி உள்ளே வந்து ஷைனியை மடியில் போட்டுக்கொண்டார். காப்பியை நீட்டினேன்.

"வேணாம்மா ரோசி. காப்பிலேர்ந்து இன்னா காத்து வருமோ. காத்தால மொத ஜீப்புக்கு நாங்க கெளம்பறோம்."

அத்தை இல்லாமல் கேக் வெட்டினால் ஆயுளுக்கும் பேச்சு நிற்காது. எழுந்துபோய்ப் பழத்தை எடுத்துவந்தால் எல்லாம் சரியாகிவிடும். எழுந்தேன். ஊதா மொட்டுகள் நினைவுக்கு வந்தன. உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

நான் முடிவெடுப்பதற்குள் குரங்குகள் எடுத்துவிட்டன. வேட்டி கூரைமேல் பறந்தது, வாழைப்பழச் சீப்பு மரத்துக்குப் போனது. தாமஸ் அண்ணன் குடையோடு பாய்ந்தார். அருள் துடைப்பத்தோடு. நான் அண்ணியின் மடியிலிருந்து ஷைனியைத் தூக்கி இறுக்கிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அண்ணி மூச்சு வாங்க, ஆனால் வெற்றியோடு நின்றிருந்தார்.

"வாழப்பழம்தான் போச்சு. மிச்சத்தையெல்லாம் உள்ள வெச்சுத் தாப்பா போட்டுட்டேன்."

"எங்க அண்ணி?"

"ஜன்னலுக்குக் கம்பி போட்டது இந்த வூட்டுல ஒரே ரூம்தானே. குளிக்கற ரூம்ல."

அருள் என்னைப் பார்த்தார். நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். ஒரு நாளில் இரண்டாவது முறை "பழத்தை வெளியே வையுங்கள்" என்று சொல்லும் தைரியம் எந்த மருமகளுக்கு உண்டு? "நல்லதாப் போச்சுங்க அண்ணி" என்றேன்.

விடிந்ததும், மற்றவர்கள் எழுவதற்குள் குளியலறைக் கதவைத் திறந்தேன். உள்ளே பலாப்பழ வாசனை ஆளைத் தள்ளியது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன்.

ஒரு மொட்டுகூட உதிரவில்லை. அடியில் இருந்த மொட்டு வாய் திறக்கத் தொடங்கியிருந்தது, உள்ளே அடர்ந்த ஊதா. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அந்த நிமிடம் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் இராத்திரி தப்பித்தது இன்னும் கொஞ்ச நேரத்தில் கொட்டிவிட்டால்? உடனே பலாப்பழத்தைச் சமையலறைக்குக் கடத்திவிட வேண்டும் என்று அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, நிமிர்ந்தேன். தலை கம்பியில் இடித்தது. மொட்டு விட்ட தொட்டி பலாப்பழத்தின்மேல் விழுந்தது. நான் தரையில் விழுந்தேன்.

முதலில் ஓடிவந்தது அண்ணி. ஈரத்தரையில், மடியில் பலாப்பழம், கையில் ஒடிந்த பூந்தண்டு, நான் அழுதுகொண்டிருந்தேன்.

"ஐயோ, எங்கம்மா அடி?"

"மொட்டுல, அண்ணி."

அண்ணி முந்தானையால் வாயை மூடினார். தோள் குலுங்கியது. பிறகு மூடிப் பயனில்லை என்று சுவரில் சாய்ந்து சிரித்தார். "இத்தக் காப்பாத்தத்தான் என்ன தெருவுல நிக்க வெச்சியா?"

"ஷைனி பொறந்தநாளுக்குப் பூக்கும்னு… தெனம் பாத்துட்டிருந்தேன் அண்ணி. உங்கள வாசல்ல நிக்க வெச்சது தப்புதான்."

"குடு இப்டி." தண்டை வாங்கிக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தார். "ஒடிஞ்சா இன்னா? கோயில்ல நான் வெக்கற பூவெல்லாம் வேரோடயா இருக்குது?" டம்ளரைக் கொண்டுபோய் மேஜையில் மாம்பழத் தட்டுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் வைத்தார். "உன் காத்து இன்னா பண்ணுதுன்னு பாக்கலாம். ஏங்க, மொத ஜீப்பு வேணாம். கேக்கு வெட்டிட்டுப் போலாம்."

கேக் வெட்டும்போது ஒரு பூ முழுதாக விரிந்திருந்தது. புகைப்படத்தில் ஷைனி, பூ, பழங்கள், என் நெற்றியில் புடைப்பு, எல்லாம் தெளிவாக இருக்கின்றன. மற்ற மொட்டுகள் அடுத்தடுத்த நாட்களில், அதே பழங்களுக்கு நடுவில், வெட்கமே இல்லாமல் ஒவ்வொன்றாக விரிந்தன.

அதன் பிறகு ஸ்டெல்லா அண்ணி எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறார். பக்கத்தில் தாமஸ் அண்ணன், தோளில் பலாவோ பையோ எதுவோ. அண்ணி தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பார்: "ரோசி, பழம் இருக்குது. பூவக் கேட்டுச் சொல்லு, உள்ள வரலாமா?" நானும் தெருவுக்கே கேட்கும்படி, "பழத்தோட வாங்க அண்ணி" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கேட்டைத் திறப்பார்.

சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு முன், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்.