பதினோராம் நம்பர் பூட்ஸ்

எனக்கு ஒரு விஷயம் தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் வரும். உண்மையிலேயே தெரியாத விஷயமாக இருந்தால் இன்னும் அதிகமாக வரும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு பனிமலைக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

கச்சிராயபாளையத்தில் எனக்கு டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பனிக்கட்டியோடு எனக்கு இருந்த பழக்கம் சர்பத் கடையோடு சரி. கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடம் ஒன்றில் தேன்மொழி வேலை செய்தாள். காய்ச்சல் என்று ஒரு நாள் போனேன். ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். "கைய ஆட்டினீங்கன்னா மறுபடியும் குத்துவேன். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அப்போதே முடிவு செய்தேன். (காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தது. இருந்தாலும் முடிவு சரிதான்.)

வீட்டாரோடு போய்ப் பெண் பார்த்தாயிற்று. அவளுக்கும் சம்மதம். ஆனால் அப்பா இல்லாத வீடு. அண்ணன் இளவரசன் வைத்ததுதான் சட்டம். அவர் சண்டிகரில் வேலை பார்த்தார். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லித் தொலைத்திருக்கலாம். போனில் இப்படிச் சொன்னார்:

"பழனி சார், வருஷா வருஷம் நான் மணாலி பக்கம் பனிச்சறுக்கு போவேன். இந்த வாட்டி நீங்களும் வாங்க. ரெண்டு நாளு கூட இருந்து பாக்கறேன். அப்பறம் தட்டு மாத்தறத பத்திப் பேசலாம்."

அந்த 'சார்' எனக்குப் பிடிக்கவில்லை. தங்கையைக் கட்டப்போகிறவனை மாப்ள என்று கூப்பிடுவதுதான் எங்கள் பக்க வழக்கம். சார் என்றால் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

தேன்மொழி விஷயத்தை உடைத்துச் சொன்னாள். "நீங்க எப்படிச் சறுக்கறீங்கன்னு எங்கண்ணனுக்குக் கவலையே இல்ல. சொன்னா கேக்கற ஆளான்னுதான் பாக்கப் போறாரு. உங்கள மொரடுன்னு யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க."

"எவன் அவன்? பேரச் சொல்லு!" என்று கத்தினேன்.

"இதோ. இதத்தான் சொன்னாங்க. அவரு இன்னா சொன்னாலும் சரி சரின்னு கேட்டுக்கினு வாங்க. ரெண்டே நாளு. முடியுமா முடியாதா?"

முடியும் என்றேன்.

அன்று சாயங்காலமே இளவரசனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. "சார், உள்ள பருத்தி பனியன் போடாதீங்க. அது வேர்வைய இழுத்து வச்சிக்கினு ஈரமாவே நிக்கும். அப்பறம் அந்த ஈரமே குளுரும். ஒடம்ப ஒட்டி தெர்மல் ஒண்ணு, அது மேல கம்பளி, அதுக்கு மேல காத்து தண்ணி பூராத கோட்டு. மூணே அடுக்கு. சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி. பூட்ஸ் இங்கியே வாடகைக்குக் கெடைக்கும். உங்க நம்பர் எதுவோ அதையே வாங்குங்க. கால கவ்விப் புடிக்கணும், குதிகால் உள்ள தூக்கக் கூடாது."

பொறுமையாக, அழகாகச் சொல்லியிருந்தார். அதுதான் எனக்கு ஆகவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து நானே துணி போட்டுக்கொள்கிறேன். எனக்குப் பனியன் போடச் சொல்லித் தருவதா? (இவ்வளவுக்கும், கடைக்கு வருகிறவர்கள் நான் சொல்லும் அளவில் போல்ட் வாங்காவிட்டால் அவர்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறவன் நான்.)

அம்மாவும் என் கட்சி. "பருத்தி வாணாமாமா? அதுதான்டா ஒடம்புக்கு நல்லது. அந்தப் புள்ள வடக்க போயி எல்லாத்தையும் மறந்துடுச்சு" என்றார். கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புதிதாக நான்கு கைவைத்த பருத்தி பனியன், தடிமனான பருத்தி சாக்ஸ் மூன்று ஜோடி, ஒரு குரங்குத் தொப்பி வாங்கினேன். ஸ்வெட்டர் வீட்டில் இருந்தது. காற்று தண்ணீர் புகாத கோட்டுக்கு, பைக்கில் போகும்போது போடும் மழைக்கோட்டு.

வாங்கியதைச் சோதித்துப் பார்க்காமல் விடுகிறவன் இல்லை நான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் குளிர் வேண்டுமென்றால் கல்வராயன் மலைதான். ஒரு கார்த்திகை விடியற்காலையில் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு பைக்கில் கரியாலூர் போனேன். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, மரவள்ளிக் கொல்லை ஓரமாக மேட்டில் வேகமாக ஏறினேன். பாதி மேட்டில் உள்ளே குளித்ததுபோல் ஆகிவிட்டது. திரும்பி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் காற்று அடித்தது. பல் தந்தி அடித்தது.

"இன்னாபா, ஜொரமா?" என்றார் டீ போட்ட அம்மா.

"இல்லம்மா. குளுருக்கு ட்ரஸ்ஸு போட்டுப் பாக்க வந்தேன்."

"போட்டுக்கினுதான நடுங்கற?"

இதிலிருந்து புத்தியுள்ள எவனுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது: பனியன் பத்தவில்லை. இறங்கி வந்து இன்னும் இரண்டு வாங்கினேன்.

மார்கழியில் மணாலி போய்ச் சேர்ந்தேன். இளவரசன் நல்ல மாதிரி. கோபமே வராத முகம். (எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் பயம்.) "சார், உங்களுக்கு ஒண்ணு வாங்கி வச்சேன்" என்று ஒரு தெர்மல் உடையைக் கொடுத்தார். மறுநாள் காலையில் அதை என்ன செய்வது என்று யோசித்தேன். புதுசு. அவர் கொடுத்தது. ஆறு பனியனுக்கு உள்ளே அதை மறைத்தால் போட்டுக்கொண்டது அவருக்கு எப்படித் தெரியும்? ஆறுக்கும் மேலே மாட்டிக்கொண்டேன்.

"தெர்மல் போட்டீங்களா சார்?"

ஸ்வெட்டர் கழுத்தை விலக்கிக் காட்டினேன். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. தட்டு பாதி மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் கீழ நிக்கறேன். நீங்க கடையில எட்டாம் நம்பர் பூட்ஸ் கேட்டு வாங்கிக்கினு மேல போங்க. கத்துக் குடுக்கறவரு அங்க இருப்பாரு. நீங்க எறங்கி வர்றத வீடியோ எடுத்துத் தேனுக்கு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாடகைக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது. அதனால் இருவரும் சத்தமாகப் பேசினோம். அவர் என் காலைப் பார்த்து எட்டை எடுத்து வைத்தார். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கால் எட்டு. சாக்ஸ் மூன்று. ஆக மொத்தம் பதினொன்று. விரல்களைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, என் குதிகாலைப் பிடித்துக் காட்டி ஏதோ சொன்னார். கவுண்டரைத் தட்டினேன். பதினொன்று வந்தது.

மூன்று ஜோடி சாக்ஸ் போட்டும் கால் உள்ளே உலாவியது. காற்றோட்டமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். லேஸை எப்போதும் போலத் தளர்த்தியாக ஒரு முடிச்சுப் போட்டேன். எங்கள் ஊரில் ஒரு நாளைக்குப் பத்து வாசலில் செருப்பை விடவேண்டும். லேஸை இறுக்கிக் கட்டுகிறவன் வாசலிலேயே குடியிருக்க வேண்டியதுதான். நான் ஷூ வாங்கினால் முதல் நாள் போடும் முடிச்சு அது கிழியும்வரை அப்படியே இருக்கும்.

இந்தச் சறுக்கில் ஒரே ஒரு பலகைதான். அதன்மேல் இரண்டு பூட்ஸையும் குறுக்காக வைத்து வாரால் பூட்டிவிடுகிறார்கள். மேலே போய் உட்கார்ந்ததும் கத்துக் கொடுப்பவர் வாரை இழுத்து இறுக்கினார். பூட்ஸ் அசையவில்லை. உள்ளே இருந்த கால் எங்கு வேண்டுமானாலும் போகும் நிலையில் இருந்தது. அதற்குள் பக்கத்தில் ஒரு பெண் விழுந்து கத்தியதால், 'இரு' என்று கை காட்டிவிட்டு அவர் அந்தப் பக்கம் போனார்.

அப்போதுதான் பார்த்தேன். எனக்குப் பின்னால் நாலு எட்டில் ஒரு கல் குவியல், ஒரு சூலம், சிவப்புத் துணி. எந்தச் சாமி என்று தெரியவில்லை. சூலம் இருந்தால் நம்ம ஆள்தான். முதன்முதலாக இறங்கப் போகிறோம், தட்டு மாற்றும் விஷயம் வேறு தொங்குகிறது. கும்பிடாமல் எப்படிப் போவது? பூட்ஸோடு எப்படிக் கும்பிடுவது? வாரை எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை. தேவையும் இருக்கவில்லை. இரண்டு உதறு உதறினேன். கால்கள் வெளியே வந்துவிட்டன. சாக்ஸோடு பனியில் நடந்து போய், கண்ணை மூடி, "அவரு வாயால மாப்ளன்னு ஒரு வார்த்த வந்துடணும்" என்று வேண்டிக்கொண்டேன். நிதானமாகத்தான் வேண்டினேன். பலகையை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பது என் நினைவிலேயே இல்லை.

பிறகு நடந்ததை நான் வீடியோவில்தான் பார்த்தேன்.

பலகை மட்டும் சரிவில் இறங்கி வருகிறது. அதன்மேல் இரண்டு பூட்ஸ் நேராக நிற்கின்றன. ஆள் இல்லை. அன்று அந்தச் சரிவில் விழாமல் இறங்கியது அது ஒன்றுதான். நடுவில் ஒரு பனி மேடு. அதன் பின்னால் மறைந்து, மறுபடியும் வெளியே வந்து, இளவரசன் காலடியில் போய் நிற்கிறது. அப்புறம் அவர் குரல்: "ஐயோ... மாப்ளே! மாப்ளே!" அதோடு படம் ஆடி, வானம் தெரிந்து, பனி தெரிந்து, நின்றுவிடுகிறது.

கண்ணைத் திறந்து திரும்பிய எனக்கு இது எதுவும் தெரியாது. பலகையைக் காணோம். எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று கோபம். திட்டிக்கொண்டே சாக்ஸோடு இறங்கினேன். முழங்கால் வரை புதைந்து, விழுந்து, உருண்டு, எழுந்து வந்தால், அந்தப் பனி மேட்டில் பத்துப் பேர் கூடி வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் இளவரசன். அழுகிறார்.

பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். "இன்னா மச்சான் தேடறீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். "உன்னத்தான்டா!"

அடிப்பார் என்று நினைத்தேன். கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். மழைக்கோட்டுக்குள் அவ்வளவு ஈரம். அதற்குள் எனக்குத் தாடை நிற்காமல் ஆட ஆரம்பித்திருந்தது. கால் விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. பக்கத்து டீக்கடைக்குள் இழுத்துக்கொண்டு போய் அடுப்பு அருகில் நிறுத்தினார். கரும்புக்குத் தோகை உரிப்பதுபோல உரிக்க ஆரம்பித்தார். மழைக்கோட்டு. ஸ்வெட்டர். தெர்மல். அதற்கு அடியில் பனியன். கை நின்றது.

"இது இன்னா?"

"பனியன்."

உரித்தார். "இது?"

"அதுவும் பனியன்."

ஆறாவது வந்தபோது பிழிந்து காட்டினார். தண்ணீர் கொட்டியது. "பருத்தி வாணாம்னு நான் சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

"எட்டாம் நம்பர்னு சொன்னனா?"

"சொன்னீங்க."

"குதிகால் தூக்கக் கூடாதுன்னு சொன்னேன். இங்க ஆளே தூக்கிக்கினு போயிட்டாரு!"

என்னைத் தன் கம்பளிக்குள் சுருட்டி, காலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டார். பதற்றத்தில் அந்த வீடியோவை அவளுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தார். அவள் போனை எடுக்கும்வரை அங்குமிங்கும் நடந்தார். முடிந்தது என்று நினைத்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா என்பதுதான் பரீட்சை. நான் எழுதிய விடையை அடுப்பு அருகில் கொடியில் வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள்.

"தேனு, உயிரோட கீறாரு. இல்ல, ஒண்ணும் ஆவல. இல்லம்மா, ஒரு பேச்சும் கேக்கல. ஒண்ணு கூட கேக்கல." பிறகு நீண்ட நேரம் அவள் பேசுவதைக் கேட்டார். "அதான் நானும் யோசிக்கறேன். மாப்ளன்னு கத்திட்டனே. பத்துப் பேரு கேட்டுட்டாங்க." (அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் அதைச் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரே சந்தர்ப்பம்.)

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கேக்க மாட்டீங்கன்னு அவளுக்கு முன்னாடியே தெரியுமாம். சமாளிச்சிக்கறேன்னு சொல்றா. அவ தலையெழுத்து. தையில தட்டு மாத்திக்கலாம், மாப்ள."

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஷூ எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு. கள்ளக்குறிச்சிக் கடையில் மச்சான் எட்டாம் நம்பரை வாங்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மாப்பிள்ளை அழைப்பு அன்று தானே உட்கார்ந்து லேஸைக் கட்டிவிட்டார். ரெட்டை முடிச்சு, அதன்மேல் இன்னொன்று. "இனிமே ஆளு வராம பூட்ஸு வராது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பிள்ளையார் கோயில் வாசலில் ஷூவைக் கழற்றி உள்ளே போய் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் கிளம்ப வேண்டும். முடிச்சு அவிழவில்லை. மேளம் நின்றது. ஐயர் எட்டிப் பார்த்தார். மச்சான் கோட்டு சூட்டோடு நடுரோட்டில் மண்டியிட்டு, நகத்தால் முடியாமல், கடைசியில் என் காலில் தலையை வைத்துப் பல்லால் இழுத்தார். போட்டோக்காரர் விடுவாரா?

வீட்டுக்கு யார் வந்தாலும் மச்சான் போனை எடுத்து அந்த வீடியோவைப் போடுகிறார். நான் எழுந்துபோய் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து, அவர் என் காலில் கிடக்கும் பக்கத்தைத் திறக்கிறேன். டீ ஆறும்வரை இரண்டும் ஓடும். தேன்மொழி இரண்டுக்கும் ஒரே அளவுதான் சிரிக்கிறாள். நான் அவளுடைய புருஷன். ஒரு சிரிப்பாவது கூடக் குறைய இருக்க வேண்டாமா? கேட்டால் அதற்கும் சிரிக்கிறாள்.