கருப்பருக்கு வைத்த எட்டு மார்க்

மார்க் போடுவது ஒரு தொழில். அதற்குப் படிப்பு வேண்டும், பொறுமை வேண்டும், கையில் சிவப்புப் பேனா வேண்டும். போகிறவர் வருகிறவரெல்லாம் மார்க் போடலாம் என்று ஆகிவிட்டதால்தான், ஒரு மே தினத்தன்று கண்மாய்க் கரையில் என் மானம் கப்பலேறியது. வருடங்கள் ஆகியும் எனக்கு ஆறவில்லை. (கோபம் தெரிந்தால் மன்னிக்க வேண்டாம். கூடச் சேர்ந்து கோபப்படுங்கள், போதும்.)

நான் ராமநாதபுரத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு மோட்டார் பம்ப் கடை. ஒரு கல்யாண நாளுக்குப் புதுச்சேரி போனபோது, ஓட்டல்காரர் பேச்சில் மயங்கி ஆளுக்கு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது. பில்லைப் பார்த்ததும்தான் நன்றாக இல்லை. இதே ருசியில் நம் கைக்கு எட்டுகிற விலையில் ஒன்று இல்லாமலா போகும், தேடிப் பார்த்துவிடுவோம் என்று பஸ்ஸில் வரும்போதே சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன். அந்த வயதில் எனக்கு எதற்கெடுத்தாலும் ஆராய்ச்சி மனப்பான்மை.

சனிக்கிழமை சாயங்காலம், மகள் பாட்டு வகுப்புக்குப் போன பிறகு, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உட்காருவோம். ராமநாதபுரத்து வெயிலில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவது எப்படிப்பட்ட தவம் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். காபித்தூளோடு இலவசமாக வந்த கண்ணாடி டம்ளரில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வோம். பத்துக்கு மார்க். ருசிக்கு, வாசத்துக்கு, மறுநாள் தலை வலிக்காமல் இருப்பதற்கு என்று நான் முறையாகப் பிரித்து வைத்திருந்தேன்.

முதல் நாள் தொட்டுக்கொள்ள மாரியூரிலிருந்து வந்த வாளைக் கருவாட்டைப் பொரித்து வைத்தேன். ஒரு வாய் கருவாடு, ஒரு வாய் ஒயின். துருப்பிடித்த ஆணியை வாயில் போட்ட மாதிரி இருந்தது. (யாரும் செய்து பார்க்க வேண்டாம். எங்களோடு போகட்டும்.) அடுத்த வாரத்திலிருந்து கடலை மிட்டாய்க்கு மாறினோம். பாட்டிலின் முதுகில் என்னென்னவோ பழம், ஓக் மரம் என்றெல்லாம் எழுதியிருந்தது. ஓக் மரத்தை நான் எங்கே கண்டேன்? ஒன்று நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி துவர்த்தது. ஒன்று போன வருடத்துப் புளியைக் கரைத்தது போல் இருந்தது. இன்னொன்று சத்தியமாக இருமல் டானிக். அதற்கு நான் ஒன்று போட்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஏழு போட்டார்.

அவர் எல்லாவற்றுக்கும் ஏழுதான் போடுவார். கடைக்காரர் இல்லையா, எந்தச் சரக்கையும் வாய் திறந்து மட்டம் என்று சொல்ல மாட்டார். இருமல் டானிக்குக்கு ஏழா என்று சண்டைக்குப் போனால், பாவம், அவனும் கஷ்டப்பட்டுத்தான தயாரிச்சிருப்பான் என்பார். நான் வைக்கும் நண்டுக் குழம்புக்கும் ஏழு, உப்புப் போட மறந்த உப்புமாவுக்கும் ஏழு. இப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்துவதே ஒரு சாதனை. அதற்கு யாரும் மார்க் போடுவதில்லை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. விலையும் கொஞ்சம், வாசமும் நல்ல வாசம், மறுநாள் தலையும் தலையாகவே இருந்தது. என் கையால் எட்டு மார்க் வாங்கியது அது ஒன்றுதான். இன்னொரு பாட்டில் வாங்கி, அடுத்த கல்யாண நாளுக்கென்று அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். மாமியார் வந்தாலும் கண்ணில் படாது, சூடும் ஏறாது.

இந்த நேரத்தில்தான் வீட்டுச் சொந்தக்காரர் தன் மகன் கல்யாணத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னார். எங்கள் மாமனாருக்கு டவுனில் ஒரு காலி மனை உண்டு. அதில் வீடு கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டால் அவர் பிடி கொடுக்கவில்லை. திருவாடானைப் பக்கம் ஊரில் மிளகாய் விவசாயமும் பெரிய வீடும் இருக்கும்போது டவுனில் எதற்கு இன்னொரு வீடு, இங்கே வந்து இருங்கள் என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ரெண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போய், திரும்பி வந்து, மாமியார் அடுப்படியில் அவர் சொல்கிற உப்பைப் போட வேண்டியவள் நான். அழுது, பேசாமல் இருந்து, சாப்பிடாமல் இருந்து எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாக ஒன்று சொன்னார். சித்திரை மாதம் குலசாமி கருப்பருக்குப் படையல் போடுகிறோம், அன்றைக்கு உத்தரவு கேட்போம், கருப்பர் சரியென்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று.

எல்லோருக்கும் லீவு வேண்டும் என்று மே தினத்தில் படையலை வைத்தார்கள். கிடாய் மாமனார் பொறுப்பு, மாலையும் சுருட்டும் அவர் தம்பி, எங்கள் சின்ன மாமா பொறுப்பு. படையலில் வைக்கிற பாட்டில் மட்டும் மூத்த மகன் வாங்கி வர வேண்டும். அது குடும்ப வழக்கம். மூத்த மகன் யாரென்றால் எங்கள் வீட்டுக்காரர். எந்த நாளில் வாங்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்றால், அன்றைக்குக் காலையில். மே தினத்துக்குத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, சாராயக் கடைக்கும் லீவு என்று பெரிய மனிதர்கள் இத்தனை பேர் கூடித் தேதி குறித்ததில் ஒருவருக்குக்கூடவா ஞாபகம் வராது?

விடிந்ததும் தெரிந்த ஆளுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். ஒருவரிடமும் இல்லை. சோர்ந்துபோய் அடுப்படி வாசலில் நின்று அரிசி டிரம்மைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எட்டு மார்க் பாட்டிலைக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. ஆனால் வெறுங்கையோடு போய் உத்தரவு கேட்க முடியுமா? வீடா ஒயினா என்று வந்தால் வீடுதானே. சாமிக்குக் கொடுப்பது நல்லதாகத்தான் இருக்கட்டுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அரிசிக்குள் கையை விட்டேன்.

கோயில் என்றால் கட்டடம் கிடையாது. கண்மாய்க் கரையில் ஒரு பீடம், நட்டு வைத்த அரிவாள்கள், ரெண்டு மண் குதிரை. பெண்கள் தள்ளி வேப்ப மரத்தடியில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் பாட்டிலைக் கொடுத்து, வெளிநாட்டுச் சரக்கு என்று துணிந்து ஒரு பொய் சொன்னார். மாமனார் பூரித்துப்போய் அதைப் பீடத்தின் முன்னால் வைத்தார். எங்கே? நட்ட நடு வெயிலில். பொங்கல் பொங்கி, கிடாய் வெட்டி, படையல் போடுகிற வரைக்கும் என் எட்டு மார்க் அங்கே வெந்துகொண்டிருந்தது. மூடி திருகு மூடியல்ல, கார்க். யாரோ ஒரு பங்காளி அகப்பைக் காம்பால் ஒரே குத்தாகக் குத்தி உள்ளே தள்ளிவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்தியது உறுமிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

சின்ன மாமாதான் எங்கள் சாமியாடி. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மற்ற நாளில் அவரைப் போலச் சாதுவான மனிதரைப் பார்க்க முடியாது. கருப்பர் இறங்கிவிட்டால் அவர் வேறு. அன்றும் கருப்பர் இறங்கினார். சுருட்டைக் கடித்தார், பாட்டிலைப் பிடுங்கினார், அண்ணாந்து மடக்கென்று ஊற்றினார். கண் ரெண்டும் பிதுங்கியது. அத்தனையையும் எதிரே கைகட்டி நின்ற மாமனாரின் வெள்ளை வேட்டியில் துப்பினார்.

"என்னலே குடுத்திருக்க? புளிச்ச காடியக் குடுத்து என்ட்ட உத்தரவு கேக்க வந்தியா? கிடையாது. போ."

உறுமி நின்றுவிட்டது. மாமனார் முகம் செத்துப்போனது. என் வீடு, என் அடுப்படி, எல்லாம் அந்த வேட்டியில் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. அப்போது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அடுத்த வருடம் நல்ல பிராந்தியாக வாங்கி வைத்து மறுபடி கேட்டிருக்கலாம். ஆனால் காடி என்று சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

"அது காடி இல்ல சாமி," என்றேன், வேப்ப மரத்தடியிலிருந்து ரெண்டு எட்டு முன்னால் வந்து. "நாங்க குடிச்சுப் பாத்ததுலயே அதுதேன் நல்லது. நானே எட்டு மார்க்குப் போட்டேன்."

எல்லாத் தலையும் திரும்பியது. அங்கேயாவது நிறுத்தினேனா? பாடம் நடத்துகிற வாய், ஆரம்பித்தால் மணி அடிக்கிற வரை ஓயாது. வெயிலில் வைத்தால் எதுதான் நன்றாக இருக்கும், கார்க்கை உள்ளே தள்ளினால் தூள் வாயில் வராமல் என்ன செய்யும், இதைத் தண்ணி மாதிரி அண்ணாந்து குடிக்கக் கூடாது, வாயில் வைத்து நாக்கில் உருட்டி அப்புறம் விழுங்க வேண்டும் என்று கருப்பருக்கே வகுப்பு எடுத்தேன்.

மாமனார் மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, நீயுமா?"

எங்கள் வீட்டுக்காரர் மண் குதிரையின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் ஏழுதேன் அய்யா போட்டேன்."

(ஒரு மார்க் குறைத்துப் போட்டதால் தண்டனையும் குறையும் என்று நினைத்தார் போலிருக்கிறது. கட்டிக்கொண்டவளைக் காட்டிக்கொடுக்கிற லட்சணம் இது.)

கருப்பர் என்னையே முறைத்தார். அரிவாள் கையில் இருந்தது. ஆனால் அவர் பாட்டிலை மறுபடி தூக்கினார். இந்தத் தடவை கொஞ்சமாக வாயில் ஊற்றினார். இந்தக் கன்னத்துக்கு உருட்டினார், அந்தக் கன்னத்துக்கு உருட்டினார். ஒரு கார்க்குத் தூளை நாக்கு நுனியால் எடுத்துத் துப்பினார். பங்காளிகள் அத்தனை பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விழுங்கினார்.

"மூணு," என்றார்.

பிறகு மாமனாரைப் பார்த்து, "இவள டவுன்லயே வச்சுக்கங்கடா. ஊருக்குள்ள வேணாம். வீட்டக் கட்டிக் குடுத்துரு," என்றார்.

மாமனார் அந்த வேட்டியோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். உத்தரவு கிடைத்துவிட்டது. கேட்டது கிடைத்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படி ஐயா சந்தோஷப்படுவது? வெந்து, கார்க்கு மிதந்து, வாய் நிறையச் சுருட்டு ருசியோடு குடித்துவிட்டு மூணு என்றால் என்ன நியாயம்? பள்ளிக்கூடத்தில் என்றால் மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போடலாம். கருப்பரிடம் எங்கே போய் எழுதிப் போடுவது? ஊரை விட்டுத் தள்ளிவைத்தது போல ஒரு வீடு. மருமகள் குடிக்கிறாளாம், அதனால் கருப்பரே டவுனுக்குத் துரத்திவிட்டாராம் என்று திருவாடானை வரை பேச்சு.

அத்தை, அதாவது என் மாமியார், அன்று வாயை மூடியவர்தான். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதும் பேசவில்லை, நிலை வைக்கும்போதும் பேசவில்லை. எதைக் கேட்டாலும் சுவரைப் பார்ப்பார். திட்டிவிட்டாலாவது திருப்பி ரெண்டு வார்த்தை பேசலாம். பேசாத மனுஷியிடம் என்னத்தைச் சண்டை போடுவது? உள்ளுக்குள் எனக்கு அழுகையாக வந்தது, அதையும் கோபமாகவே காட்டிக்கொண்டு திரிந்தேன்.

பால் காய்ச்சிக் குடிபோன அன்று, என் சொந்த அடுப்படியில் நானே பாயசம் வைத்தேன். பந்தியில் முதல் டம்ளரை அத்தைக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. இந்தக் கன்னத்துக்கு உருட்டினார், அந்தக் கன்னத்துக்கு உருட்டினார். பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. நிதானமாக விழுங்கிவிட்டு, அத்தனை மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, "மூணு," என்றார்.

சின்ன மாமா உட்பட எல்லோரும் இலையில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னுங் கொஞ்சம் ஊத்தாத்தா என்றார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எதை வைத்துக் கொடுத்தாலும், வாண்டு முதல் கிழடு வரை, கன்னத்தில் உருட்டாமல் விழுங்குவதில்லை. இதுவரைக்கும் ஒரு ஆள் நாலு போட்டதில்லை.

நெய்யில் வறுத்த முந்திரியும் திராட்சையும் போட்டு, கெட்டிப் பாலில் வைத்த பாயசம் அது. அதற்கு மூணாம்.