மல்லாட்டை மண்டி மாடியில் ஒரு கூப்பாடு

திண்டிவனத்தில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். சந்தேகமிருந்தால் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவர்களைக் கேளுங்கள். எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் யார் பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டார்கள் என்பது எங்கள் முதலாளிக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த மண்டியின் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். முதலாளியை விட்டுவிட்டால் எட்டுப் பேர். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் கிளவுடில் ஏற்றிப் பாதுகாப்பது எங்கள் பிழைப்பு. அந்த ஓர் ஆஸ்பத்திரி கைவிட்டால் எல்லோரும் கீழே போய் மல்லாட்டை உரிக்க வேண்டியதுதான். கிளவுடில் காவலுக்கென்றே ஒரு சேவை உண்டு. யாராவது பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டாலோ, வழக்கமில்லாத இடத்திலிருந்து உள்ளே வந்தாலோ எச்சரிக்கை எழுதி வைக்கும். எழுதி வைக்கும், அவ்வளவுதான். பக்கத்தைத் திறந்து படிக்க ஆள் வேண்டுமே! எங்களில் ஒருவரும் திறந்ததில்லை.

திறந்தவர் கூப்பாடு. அப்பா அம்மா ஏதோ நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள், யாருக்கும் ஞாபகம் இல்லை. திருவெண்ணெய்நல்லூர்க்காரர். ஒல்லி உடம்பு, அதற்குள் அந்தத் தொண்டையை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ! காவல் சேவையோடு நம் புரோகிராம் நேராகப் பேசுவதற்கென்று யாரோ ஆயத்தமாக எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு ஒன்று, லைப்ரரி என்பார்கள், இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, மேலே சில வரிகள் எழுதி, எச்சரிக்கைகள் தானாக வந்து விழும்படி செய்தார். மற்றவர்கள் என்றால் அதை மெயிலுக்கு அனுப்பியிருப்பார்கள். இவர் மச்சானுடைய மைக் செட் கடையிலிருந்து ஒரு மைக்கையும் கூம்பு ஸ்பீக்கரையும் தூக்கி வந்து, ஸ்பீக்கரை ஜன்னலில் கட்டிவிட்டார்.

"மெயில எவன் படிக்கிறான்? காதுக்குக் கதவு கெடையாதுங்களே!" என்றார்.

எங்கள் எல்லோருடைய பெயர்களையும், ஊர்ப் பெயர்களையும், அறிவிப்புகளையும் தன் குரலிலேயே பதிவு செய்து வைத்திருந்தார். திருவிழாவில் குழந்தை காணாமல் போனால் சொல்வார்களே, அதே ராகம்.

"அன்பார்ந்த பெருமக்களே! கணக்குப் பிரிவு மஞ்சுளா அவர்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்!"

மஞ்சுளா நான்தான். மானம் கப்பலேறியது. கீழே டீ குடிக்கப் போனால் மூட்டை தூக்கும் ஏழுமலை கேட்கிறார்: "இன்னாம்மா, கதவு தொறந்துச்சா?" மேலே வந்து கூப்பாட்டை ஒரு பிடி பிடித்தேன்.

"உங்களுக்கு அறிவிருக்கா? ஊரே சிரிக்குது!"

"சிரிச்சிட்டுப் போவட்டும்மா. இனிமே மறப்பியா நீ?"

மறக்கவில்லை. அது வேறு விஷயம்.

கூப்பாட்டின் ஸ்பீக்கர் முதலாளி சார் மேலேயே கை வைத்தபோதுதான் வினை வந்தது. சென்னையில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் சார். அன்றைக்குப் பார்த்து அவர் மனைவி கோயில் பிரசாதத்தோடு வந்து ஆபீசில் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் கரகரத்தது. "நமது முதலாளி சார் அவர்கள், வழக்கமில்லாத இடமாகிய புதுச்சேரிப் பக்கத்திலிருந்து உள்ளே வந்திருக்கிறார்கள்!" பொம்மையார்பாளையம் கெஸ்ட் ஹவுசில் கூட்டாளிகளோடு மீன் வறுவல் தின்றுகொண்டே சார் லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். அந்த அம்மாள் பிரசாதத்தை மேசையில் வைத்துவிட்டு விடுவிடுவென்று படியிறங்கிப் போனார்.

மறுநாள் சார் வந்தார். வீட்டில் என்ன நடந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"இன்னொரு தபா எம்பேரு அந்த மைக்ல வந்துச்சு, உனக்கு இங்க வேலை கெடையாது. எம்பேரு வந்தா தாண்டிப் போற மாதிரி எழுதிடு."

"சார், காவல்ல ஆளு பார்த்து விட்டா பேஜாராயிடும்..."

"எழுதுய்யா!"

எழுதினார். ஒரே வரி. அதன்பிறகு சார் பெயரில் வரும் எச்சரிக்கைகள் கூப்பாட்டின் கம்ப்யூட்டரில் வந்து விழும், ஸ்பீக்கர் வாயைத் திறக்காது.

அப்புறம் ஒருநாள் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்க வந்தார். சார் காபியும் முறுக்கும் வைத்து, "நம்ம பாதுகாப்பு இரும்புக்கோட்டை மேடம்" என்று அளந்துகொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்குக் காட்டுவதற்காகக் கூப்பாடு திரையைத் திறந்தார். திரையைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் சாரின் காதோடு சொல்லியிருப்பார். இவருக்கு அந்தப் பழக்கமே கிடையாதே! மைக்கைப் பிடித்துவிட்டார்.

"அன்பார்ந்த பெருமக்களே! நம்ம சார் இங்க முறுக்கு கடிச்சிக்கினு இருக்காரு. அதே சார் வேற ஏதோ தேசத்துல இருந்து உள்ள பூந்து ஸ்கேன் ரிப்போர்ட்ட அள்ளிக்கினு இருக்காரு! ஜல்தியா சொல்லுங்க சார், நீங்க நீங்கதானா?"

கீழே மண்டியில் ஒரே சிரிப்பு. மேலே யாரும் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திராமல் சாருடைய கணக்கை முடக்கிவிட்டார் கூப்பாடு. சாரின் பாஸ்வேர்ட் அவர் மகளின் பெயர். எவனோ கண்டுபிடித்து, காலையிலிருந்தே உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

"காலையிலேர்ந்து இந்த ஸ்பீக்கர் ஏன் கத்தல?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சார் பேரு வந்தா தாண்டிப் போற மாதிரி ஒரு வரி இருக்குதுங்க."

"அந்த வரிய எழுதினது யாரு? அந்த ஆள் இங்க இருந்தா என் ஆஸ்பத்திரி இங்க இருக்காது."

சார் முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். கூப்பாடு என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நான்தாங்க எழுதுனேன்" என்றார், மைக்கைக் கீழே வைத்துவிட்டு. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒப்பந்தம் பிழைத்தது. எங்கள் ஏழு பேரின் வேலையும் பிழைத்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"சார் சொல்லித்தான் எழுதுனேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்ல முத்தா உதிர்ந்துடும்?"

"மொதலாளி மேலயே நம்பிக்கை போயிடுச்சுன்னா அந்தம்மா கெளம்பிடுவாங்கம்மா. ஏழு வீட்டு அடுப்பு எரியணும் இல்ல? நான் எங்கன்னா போயி கத்திக்கினு பொழச்சிக்கறேன்."

அப்படியே பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து கத்திக்கொண்டிருக்கிறாராம். சாரிடம் மறுநாள் நான் பேசியதை எந்தப் பத்திரிகையிலும் அச்சிட மாட்டார்கள். இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, நாங்களும் ஆளுக்கொரு திசையில் பிழைத்துக்கொண்டோம். இனி சொன்னால் யார் அடுப்பும் அணையாது.

எங்கள் எல்லோர் தப்பையும் ஊருக்கே கூவிய மனுஷன், தன் பக்கத்து நியாயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே அவருக்காக நான் சொல்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே: அந்தத் தப்பு அவருடையது இல்லை.