முன்வரிசை கொண்ட பாரி கெர்ஷா

வாழ்க பாரி கெர்ஷா! வட இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து மழையில் நனைந்தே வளர்ந்த நெடுமரமே, இரு கோல் ஏந்திய இணையிலாத் தோளனே, பெருமுரசும் சிறுமுரசும் வெண்கலத் தட்டுகளும் ஒருங்கே அதிர ஒற்றை ஆளாய்ப் படை நடத்தும் தளபதியே, ஆறடி மூன்றங்குலம் உயர்ந்தும் எவர் கண்ணிலும் படாத அதிசயனே, வாழ்க! அச்சுமையின் அரசியே, வார இதழைத் தொட்டவர் விரலிலெல்லாம் கறுப்பாய் ஒட்டிக்கொள்ளும் தாயே, சற்றே என் நாவில் வந்தமர்வாய். கறை படிந்தால் படியட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, கால்வாய்க் கரைச் செங்கல் சுவரின் முன்னே, ஒரு புகைப்படத்தின் முன்வரிசைக்காக நிகழ்ந்த மாபெரும் போரைச் சொல்லப்போகிறேன். குடை உள்ளவர்கள் விரித்துக்கொள்ளலாம்.

அந்நாளில் பாட்டுக் குழுக்களின் வாழ்வும் தாழ்வும் 'நீடில்' என்னும் வார இதழின் கையில் இருந்தன. நீடில் புகழ்ந்தால் வேலையில்லாப் பையன் வேந்தனாவான். நீடில் முகம் சுளித்தால் வேந்தன் மறுபடியும் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நிற்பான். அந்த இதழின் திருக்கண் பார்வை பாரி முரசு கொட்டிய வெல்வெட் கெட்டில்ஸ் என்னும் நால்வர் குழுவின்மேல் முதன்முதலில் விழுந்தபோது அது ஒரே ஒரு வரியாகத்தான் இருந்தது: 'ராச்டேல், தொழிலாளர் கிளப், வெல்வெட் கெட்டில்ஸ், அதன்பின் பிங்கோ ஆட்டம்.' அடுத்த மாதம் மூன்று வரி வந்தது. அம்மூன்றில் ஒன்று, 'டிரம்ஸ் சத்தமாக இருந்தது' என்பது. பாரியின் தாய் டோரீன் அந்த வரியை மட்டும் கத்தரித்து ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டி, வருவோர் போவோருக்கெல்லாம் வாசித்துக் காட்டினாள்.

பிறகு வந்ததையா வெள்ளம்! அரைப் பக்கப் பேட்டி வந்தது. அதில் பாடகன் ஜூலியன் ஃபேர்ஹர்ஸ்ட் காதலைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் கான்க்ரீட்டைப் பற்றியும் ஆயிரத்து எண்ணூறு சொற்கள் பேசியிருந்தான். கிட்டார்க்காரர் இருவரும் ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசியிருந்தார்கள். நம் வீரன் பேசியதாக அச்சேறியது, 'எனக்கு டீயில ரெண்டு சர்க்கரை' என்பது மட்டுமே, அதுவும் 'பின்னாலிருந்து ஒரு குரல்' என்ற பெயரில். முதல் படம் வந்தது. ஜூலியனின் தலைமுடி, ஒரு டப்பா ஸ்ப்ரேயால் நிமிர்த்தப்பட்டு, வான்நோக்கி வளர்ந்த வைக்கோற்போர்போல் நடுவே நிற்க, அதற்குப் பின்னால் பாரியின் இடது முழங்கை தெரிந்தது. இரண்டாம் படத்தில் மேடைப் புகை வந்து அந்த முழங்கையையும் விழுங்கியது. பறம்புமலைப் பாரி தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போனான் என்பார்கள். ராச்டேல் பாரியோ தன் முகத்தையே ஓராண்டு காலம் வாரி வழங்கிவிட்டு, கொடுத்தது இன்னதென்று வெளியே சொல்லாமல் திரிந்தான்.

அவன் பொறுத்திருப்பான். பொறுக்க மாட்டாதவள் டோரீன். அவள் வேலை பார்த்தது ஓர் ஆரம்பப் பள்ளியின் மதிய உணவுக்கூடத்தில். உருளைக்கிழங்கு மசித்து, பட்டாணி வேகவைத்து, இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்குப் பரிமாறும் ஆறு பெண்களில் ஒருத்தி. அந்த அறுவரில் மூத்தவள் மேவிஸ் பட்டர்வொர்த். நாக்கைக் கத்தியாகவும் கத்தியை நாக்காகவும் பயன்படுத்தத் தெரிந்த மேவிஸ்.

"ஏண்டி டோரீனு, ஒரு வருசமா சொல்றே, எம் பையன் பாட்டுக் கோஷ்டியில இருக்கான், இருக்கான்னு. காட்டுறது என்னமோ முழங்கை! ஒத்தை முழங்கையை வெச்சுக்கிட்டு என்னத்தைடி நம்புறது?"

"பெத்தவளுக்குத் தெரியாதா மேவிஸ், அது யாரு முழங்கைன்னு?"

"எனக்குந்தான் ரெண்டு இருக்கு. நானும் பேப்பர்ல வந்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கவா?"

ஐந்து பெண்கள் சிரித்தார்கள். அன்று மாலை டோரீன் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல், "நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாளுங்கடா பாரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்ற பாரி, கையிலிருந்த ஈரத் தட்டைத் துடைக்க மறந்தான். தன்னை ஊர் பார்க்காததைக்கூடத் தாங்கியவனுக்குத் தன் தாயைப் பொய்க்காரி என்றதைத் தாங்க முடியவில்லை. அடுத்த படத்தில் முன்வரிசையில் நிற்பேன், இல்லையேல் கோலை உடைத்துக் கால்வாயில் எறிவேன் என்று அவன் அந்த ஈரத் தட்டின்மேல் ஆணையிட்டான்.

அடுத்த படம் அட்டைப்படமாக அமைந்தது. அதுவும் நீடிலின் அட்டை! செய்தி கேட்டு ஜூலியன் இரண்டு டப்பா ஸ்ப்ரே வாங்கினான்.

குறித்த நாளில் லண்டனிலிருந்து ஃப்ரீடா ட்ரஸ்காட் என்னும் புகைப்படக்காரி வந்து இறங்கினாள். காலையில் லீட்ஸ் நகரத்தில் வேறொரு குழுவைப் படமெடுத்ததில் கையிருப்பெல்லாம் தீர்ந்து, மிச்சமிருந்தது ஒரே ஒரு ஃபிலிம் சுருள். அதில் பன்னிரண்டே படம். மழைமூட்டத்தில் நாலு மணிக்கே வெளிச்சம் போய்விடும். நாலே முக்காலுக்கு அவளுக்கு ரயில். வடக்கத்திக் குழு என்றால் படத்துக்கென்று சில சாத்திரங்கள் உண்டு, அவற்றை மீறியவர் எவருமில்லை: பின்னால் செங்கல் சுவர் வேண்டும், ஒருவன் பார்க்கும் திசையை மற்றவன் பார்க்கக்கூடாது, எக்காரணம் கொண்டும் எவனும் சிரிக்கக்கூடாது. சிரித்தவன் வெறும் வியாபாரப் பாட்டுக்காரன். முகத்தைத் தொங்கப் போட்டவனே கலைஞன்.

"நெட்டைத் தம்பி, நீங்க பின்னாடி போங்க" என்று ஃப்ரீடா திருவாய் மலர்ந்தாள். முதற்போரில் தோல்வி! ஜூலியனோ ஐந்தடி நான்கங்குலத்தான். ஆகவே பீர்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, சிங்காதனம் ஏறுவான்போல் அதன்மேல் ஏறி, இல்லாத சோகத்தையெல்லாம் இமையில் ஏற்றிக் கால்வாயை நோக்கினான். முதல் மூன்று படங்களும் அவனுக்கே திறையாயின. நாலாவதில் பாரி இடப்புறமாய்ப் படையெடுத்தான், ஜூலியன் முடி கோதக் கை தூக்கினான், முழங்கைக்கு முழங்கை மோதியது, பாரி பின்வாங்கினான். ஆறாவதில் வலப்புறம் பாய்ந்தான். அங்கே கிட்டார்க்காரர் இருவரும் கோட்டைச் சுவர்போல் ஒட்டி நின்றார்கள், குளிருக்குத்தான். எட்டாவதில் எம்பிக் குதித்தான். ஜூலியன் முடிக்கு மேலே அவன் தொப்பி மட்டும் சட்டத்துக்குள் வந்தது. ஒன்பதாவதில் ஒரு வாத்து குறுக்கே நடந்து சென்று, ஓராண்டாய் அவனுக்குக் கிட்டாத முன்னிடத்தை ஒரு கணத்தில் அடைந்து, அருமை தெரியாமல் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டது.

"தம்பி, ஆடாம நில்லுங்களேன்! இன்னும் ஒரு படந்தான் பாக்கி" என்றாள் ஃப்ரீடா, விரல்களை ஊதிக்கொண்டே.

அப்போது, பதினொரு தோல்விகளின் பாரம் தோளில் அழுத்த, மழைநீர் மூக்கு நுனியில் துளியாய்த் தொங்க, பாரி கெர்ஷா தலை குனிந்தான். குனிந்தவன் கண்டான். பீர்ப் பெட்டிக்கு முன்னே, கேமராவின் மூக்குக்குக் கீழே, ஒரு குட்டை கிடந்தது. எண்ணெய் மிதக்கும், ஓரத்தில் பனி கட்டிய, சிகரெட் துண்டுகள் மூன்று மிதக்கும் குட்டை. மானமுள்ளவர் எவரும் நிற்க விரும்பாத அந்த இடம் காலியாக இருந்தது! நெட்டையன் நிற்கத்தானே கூடாது, மண்டியிடலாமே என்ற ஞானம் அவனுக்குள் பளிச்சென்று உதித்தது. அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்த ஒரே நல்ல கால்சட்டை என்பதையும் எண்ணாது, நீர் சிதற, நிலம் அதிர, வாத்துகள் அலற, இரு முழங்கால்களையும் ஒருசேர அக்குட்டையில் ஊன்றினான். அவன் முகம், இருபத்திரண்டாண்டு வளர்ந்த அந்த முழு முகம், லென்ஸின் முன்னே நிலவாய் எழுந்தது.

"டேய், எந்திரிடா! என் பெல்ட்டை மறைக்கிறே!" என்று சிங்காதனத்திலிருந்து ஜூலியன் முழங்கினான்.

"ஒரு வருசமா நீ என்னையே மறைச்சே, நான் ஏதாச்சும் கேட்டேனா? பெல்ட்டுதானடா, விடு!" என்று குட்டையிலிருந்து பாரி பதில் முழங்கினான்.

"ஐயோ, பிரமாதம்! யாரும் அசையாதீங்க" என்று கூவினாள் ஃப்ரீடா. "தம்பி, அப்படியே இருங்க. சிரிச்சுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வென்றான் என்று எண்ணினீர்களா? இனித்தான் பெரும்போர். வெற்றி பெற்றவனுக்கு வருவது என்ன? சிரிப்பு! அடிவயிற்றில் பிறந்து, விலாவெல்லாம் கிச்சுகிச்சு மூட்டி, தொண்டையைக் கடந்து, பல்வரிசையின் பின்னே வந்து நின்று, கதவைத் திற திற என்று தட்டியது சிரிப்பு. பாரி உதடுகளைத் தாழிட்டான். துக்கங்களையெல்லாம் துணைக்கு அழைத்தான். உள்ளூர்க் கால்பந்து அணியை நினைத்தான். கோல்காவலர் தம் கோலுக்குள் தாமே பந்தை எறிந்த காட்சி வந்து சிரிப்பின் பக்கம் சேர்ந்துகொண்டது. சின்ன வயதில் செத்துப்போன ஆமையை நினைத்தான். புதைத்த மூன்றாம் நாள் அது மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து முட்டைக்கோஸ் தின்றது நினைவுக்கு வந்தது. பல் வைத்தியரை நினைத்தான். அவருடைய டோப்பா நினைவுக்கு வந்தது. துரோகம், எங்கும் துரோகம்! புருவம் நெரிந்தது, மூக்கு விடைத்தது, கன்னம் துடித்தது, கண்ணில் நீர் கோத்தது, குட்டையின் குளிர் தொடைவரை ஏற, காது இரண்டும் சிவக்க, ஒரு கணம், இன்னும் ஒரு கணம், அவன் தாங்கினான். கிளிக்!

அதன்பின் அவன் சிரித்த சிரிப்பில் எதிர்க்கரை நாய்கள் குரைத்தன. ஃப்ரீடா ரயிலுக்கு ஓடினாள்.

நீடில் லண்டனில் புதன்கிழமையே வெளிவந்துவிடும். வடக்கே வந்து சேர வியாழன் ஆகும். ஆகையால் எட்டு நாள் கழித்து ஒரு புதன்கிழமைப் பிற்பகல் அவர்கள் பாட்டை வெளியிட்ட இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து வந்த தொலைபேசிதான் முதலில் செய்தி சொன்னது. லண்டனே அந்த முகத்தைப் பற்றித்தான் பேசுகிறதாம். ஒரே நாளில் நாலு வானொலிகள் பாட்டைப் போட்டனவாம். குட்டை எங்கே கிடைக்கும் என்று மூன்று குழுக்கள் தேடுகின்றனவாம். ஜூலியன் அன்று முழுக்கக் கண்ணாடி முன் நின்று அந்த முகத்தை வரவழைக்க முயன்று, கழுத்துப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான்.

வியாழன் காலை பாரி இதழை வாங்கிக் கோட்டுக்குள் பொதிந்துகொண்டு, மழையில் நேராகப் பள்ளி உணவுக்கூடத்துக்கு நடந்தான். பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டிருந்தார்கள். ஆறு பெண்களும் தேநீர்க் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கஸ்டர்ட் தட்டுக்கும் கோப்பைகளுக்கும் நடுவே அவன் இதழை விரித்தான். அட்டை முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம்வரை, பாரி. பின்னே எங்கோ, யாருடையதோ ஒரு பெல்ட்டின் நுனி.

மேவிஸ் மூக்குக்கண்ணாடி மாட்டினாள். படத்தையும் பார்த்தாள், எதிரே நின்ற நெட்டையனையும் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்தில் தன் முகம் ஒருவேளை அடையாளமே மாறிப்போயிற்றோ, பெற்றவளே இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பாரியின் நெஞ்சு அவன் எந்த மேடையிலும் அடிக்காத வேகத்தில் அடித்தது.

"இவன் இப்படி இல்லையேடி" என்ற மேவிஸ், உள்பக்கத்தைப் புரட்டி, ரூபர்ட் ஹேஸ்கெத் என்னும் பெருவிமர்சகர் எழுதியதை உரக்க வாசித்தாள்: "'மூடப்பட்ட ஆலைகளின் மௌனமும், அணைந்த உலைகளின் சாம்பலும், வடநாட்டார் தலைமுறை தலைமுறையாய் விழுங்கிய கண்ணீரும் இம்மண்டியிட்ட இளைஞனின் முகத்தில் திரண்டு நிற்கின்றன. இது ஒரு முகமன்று. ஒரு தேசத்தின் அடக்கப்பட்ட பெருவேதனை.' ஏயப்பா! ஏண்டி டோரீனு, நெசமாவே இது உம் பையன் மூஞ்சிதானா?"

டோரீன் கையை இடுப்பு ஏப்ரனில் துடைத்தாள். இதழை இரு கையாலும் எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஐந்து பெண்களும், ஒரு நகரமும், ஒரு வாரத்தின் இசையுலகம் முழுவதும் மூச்சடக்கிக் காத்திருக்க, கண் கலங்க, ஓராண்டுப் பழி ஒரு கணத்தில் உதிர, தலை நிமிர்ந்து சொன்னாள்:

"எம் பையனேதான், கிளம்பும்போதே ஒண்ணுக்குப் போயிட்டுப் போடான்னு சொன்னேன், கேட்டாத்தானே."