மூன்றாவது புரொஃபைல்

எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான். முன்பின் மாறியிருந்தாலும், மறந்து விட்டிருந்தாலும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புரொஃபைல் என்ற சொல்லை முதலில் கேட்டது கடலூரில், டாக்டர் வாயால். "லிப்பிட் புரொஃபைல் எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்தோம். கொழுப்பு ஜாஸ்தி என்று வந்தது. ஆறு மாதத்தில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். அவர் செல்போன் என்னிடம் வந்தது. யாருக்குச் செய்தி அனுப்பினாலும் வட்டத்துக்குள் அவர் முகம் சிரிக்கும். அதற்கும் புரொஃபைல் என்றுதான் பெயராம். மாற்றச் சொன்னார்கள். (மனசு வரலை.)

மூன்றாவதுதான் மானத்தை வாங்கியது. மகள் சுமதிக்கு வரன் பார்க்கக் கல்யாணத் தகவல் மையத்துக்குத் தனியாகப் போனேன். புரொஃபைல் எழுதிய பெண், அப்பா பெயரைக் கேட்டாள். சொன்னேன்.

"இருக்காருல்லம்மா?"

இல்லை என்றால் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போடுவாள். என் தலை ஆமென்று தானாக ஆடிவிட்டது. போன் நம்பரும் அவருடையதுதான். (எனக்கு ஏது வேறு நம்பர்?)

அதைப் பார்த்துச் சிதம்பரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அப்பா அழைத்தார். கூச்சத்தில் எடுக்கவில்லை. செய்தி போட்டார், கும்பிடும் கையை அனுப்பினேன். மறுநாள் குட்மார்னிங் போட்டார். நானும் ரோஜாப்பூவோடு ஒன்று போட்டேன். பத்து நாளில் அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் அப்படியொரு சிநேகம்! சுமதிக்குப் பையனின் போட்டோ பிடித்திருந்தது. அப்பா போனபின் அவள் கண்ணாடி முன் நின்று சிரித்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட நினைத்திருந்தேன். நாக்கு எழவில்லை. மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்ததும், "எங்க நம்ம சம்மந்தி? ரோஜாப்பூவா அனுப்பி அசத்துறாரு!" என்றார். சுமதி விழித்தாள். அவர் சுவரைப் பார்த்தார். மாலை போட்ட படம்.

"இன்னாங்க இது? காலையிலகூட குட்மார்னிங் போட்டாரே!"

"நான்தாங்க போட்டேன்."

"செத்தவர இருக்காருன்னவுங்க, இன்னும் என்னென்னத்த மறைச்சிருக்காங்களோ" என்றாள் அவர் மனைவி. காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்றாள் சுமதி.

"லேட்டுன்னு அந்தப் பொண்ணு எழுதுறத பாக்க முடியலடி."

ஏழு பேருக்குப் போட்ட பஜ்ஜியை இரண்டு பேரும் தின்று தீர்த்தோம்.

பிறகு பண்ருட்டியில் அவளுக்கு நல்ல இடம் அமைந்தது. இப்போது தன் பிள்ளைகளிடம் சொல்கிறாள்: "உங்க தாத்தா செத்தப்புறமும் எனக்கு மாப்பிள்ள தேடுனாருடா!" பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அந்தச் சிதம்பரத்துப் பையனின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன். மறந்துவிட்டது. சுமதிக்கு ஞாபகம் இருக்கும். அவளைக் கேட்க எனக்குத் துணிவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சேர்த்துவிடுங்கள்.