பிரம்படி முதலில், களவு பிறகு

ஆசிரியரே, நீங்கள் பொய் எழுதினீர்கள். சேலத்தில் சிறுவர் பத்திரிகை நடத்திக்கொண்டு, உண்மையே பேசு என்று மாதாமாதம் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன நீங்கள்தான், என் பெயரையும் ஊரையும் போட்டுப் பொய் எழுதினீர்கள்.

முட்டாள்தனம் என்னுடையது. அதை மறைக்கவில்லை. யுத்த காலம், நான் உங்களிடம் படம் போட வந்த புதிது. சென்னையிலிருந்து படம் அச்சடிக்கும் துத்தநாக பிளாக் வருவது நின்றுபோயிற்று. "மரக்கட்டையில நீயே செதுக்கிருவியா?" என்று கேட்டீர்கள். "செதுக்கிருவனுங்க" என்றேன். (அதுவரை நான் சீவியது பென்சில் மட்டும்.) இராசிபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்த அப்பா, "ஒரு படமாச்சும் உன்ற பேரோட வரட்டும் சாமி, அப்பறம் உன்னைத் தறிக்குக் கூப்புடல" என்று சொல்லியிருந்தார்.

படக்கதை மூன்று கட்டம். முதலில் குப்பு என்ற பையன் திருட்டு மாம்பழத்தைக் கடித்துச் சிரிப்பான். அடுத்து தோப்புக்காரர் பிடிப்பார். கடைசியில் வாத்தியார் பிரம்பால் விளாசுவார். மூன்றையும் ஒரே கட்டையில், இடமிருந்து வலமாக, பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். கட்டையில் இருப்பது காகிதத்தில் இடவலம் மாறி விழும் என்பது அச்சாபீஸ் வாசலைப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். ஓவியருக்குத் தெரியவில்லை.

சரிபார்க்க அடித்த புரூஃபில் குப்பு முதலில் அடி வாங்கினான். பிறகு பிடிபட்டான். கடைசியில் இடது கையால் பழம் தின்று சிரித்தான். அதன் கீழே நீங்கள் எழுதிய வரி: 'களவு செய்தால் கிடைப்பது இதுவே.'

அச்சு மெஷின்காரர் சிரித்து முடித்துவிட்டு, "கட்டைய மூணா அறுத்து எடம் மாத்தி வெச்சாப் போதுமுங்க. அரை மணி வேலை. கை எடதாத்தான் இருக்கும், இருந்துட்டுப் போகுது" என்றார்.

"ரம்பம் எடுத்துட்டு வாரனுங்க" என்று நான் உங்களிடம் கெஞ்சினேன்.

நீங்கள் புரூஃபைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "தபாலுக்கு நேரமாச்சு. படிக்கறது பொடிசுங்க. முன்ன எது, பின்ன எதுன்னு அதுங்களுக்கு என்ன தெரியும்?" பிறகு மெஷின்காரரிடம், "ஓட்டுய்யா."

பொடிசுகளுக்கு நன்றாகவே தெரிந்தது. திருச்செங்கோட்டில் ஒரு வகுப்பே, அடியை முன்கூட்டி வாங்கிக்கொள்கிறோம் என்று வாத்தியாரிடம் கையை நீட்டிவிட்டுத் தோப்புக்குக் கிளம்பியதாம். வாத்தியார்கள் உங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த இதழில், மூன்றாம் பக்கத்தில், என் பெயரும் ஊரும் போட்டு உங்கள் அறிவிப்பு வந்தது: 'ஓவியர் எங்களுக்குக் காட்டாமலே கட்டையை அச்சுக்குக் கொடுத்துவிட்டார். இனி அவர் படம் வராது.'

அதன் பிறகு சேலத்தில் எந்த அச்சாபீசும் என்னை உள்ளே விடவில்லை. அப்பா திட்டவில்லை, தறியைக் காட்டினார், உட்கார்ந்தேன். என் கல்யாணத்தில் அக்காள் கணவர், "ஏன் மாப்ளே, தாலியக் கட்டிப்போட்டுத்தான் பொண்ணு பாக்கப் போவியா?" என்று பந்தி நடுவே கேட்டார். இன்றைக்கும் என் மனைவி குழம்புக்கு முன் மோரை ஊற்றிவிட்டால், "இது அப்பா செதுக்குன சோறு" என்கிறார்கள் பிள்ளைகள்.

நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்கென்று அதன் பிறகு ஒரு படம்கூட நான் போடவில்லை. அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் இன்னும் அந்தப் பத்திரிகையை நடத்துகிறீர்கள். அதே மூன்றாம் பக்கத்தில், என் பெயரையும் ஊரையும் போட்டே பதில் எழுதுங்கள். அன்று அந்தப் புரூஃப் உங்கள் கையில் இருந்ததா, இல்லையா?